முதல் டிஜே கன்சோல் வாங்கப் போறீங்களா? லைட்டை விடுங்க... ஹெட்போன் ஓட்டையைப் பாருங்க!

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கரணையிலிருந்து மேடவாக்கம், கௌரிவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் வழியா சேலையூர் வரை ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. சீரியல் செட் போட்ட மண்டபம், வாசல்ல வாழைமரம், உள்ளே ரிசப்ஷன். ஒரு காலத்துல மேடையில லைட் மியூசிக் கச்சேரி இருந்த இடத்துல இப்போ ஒரு மேஜை, ஒரு லேப்டாப், அதுக்கு முன்னாடி மின்னுற ஒரு பெட்டி. பின்னாடி ஹெட்போனை ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிட்டு நிற்கிற பையனுக்கோ பொண்ணுக்கோ 23 வயசு இருந்தா ஜாஸ்தி.

அந்த மேஜைக்குப் பின்னாடி நிற்கணும்னு ஆசை உங்களுக்கும் இருக்கலாம். அப்பார்ட்மென்ட் டெரஸ் பார்ட்டி, காலேஜ் கல்ச்சுரல்ஸ், ஃப்ரெண்டோட சங்கீத்... ஆரம்பிக்க இடம் நிறைய இருக்கு. பாட்டும் ஏற்கெனவே போன்ல இருக்கு. வேண்டியது அந்தப் பெட்டி மட்டும்தான்.

சிக்கலும் அங்கேதான். ஆன்லைன்ல தேடினா சில ஆயிரத்துல இருந்து சில லட்சம் வரைக்கும் வந்து நிற்கும். எல்லாத்துலேயும் ரெண்டு வட்டு, நடுவுல ஸ்லைடர், கலர் கலரா லைட். போட்டோவுல எல்லாம் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். தப்பா ஒண்ணு வாங்கிட்டா ஒரு மாச சம்பளம் பரணுக்குப் போயிடும். அப்படி ஆகாம இருக்க என்ன பார்க்கணும், என்ன கேட்கணும்? ஒவ்வொண்ணா பார்த்துடலாம்.

முதல்ல, இது என்ன பெட்டி?

கடையில 'டிஜே மிக்ஸர்', 'டிஜே கன்சோல்', 'கன்ட்ரோலர்'னு மூணு பேரையும் மாத்தி மாத்திச் சொல்வாங்க. மூணும் ஒண்ணு இல்லை.

* மிக்ஸர்: வெளியே இருந்து வர்ற சத்தங்களைக் கலக்கிற பெட்டி. ரெண்டு போனை ரெண்டு பக்கம் சொருகி, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தலாம். ஆனா போன்ல ஓடுற பாட்டோட வேகத்தை இதால தொட முடியாது.

* கன்ட்ரோலர்: போன்லயோ லேப்டாப்லயோ ஓடுற டிஜே ஆப்புக்கு ரிமோட் மாதிரி. வட்டைச் சுத்தினா ஆப்ல பாட்டு நகரும். ஆப் இல்லைன்னா இது வெறும் பெட்டி.

* தனித்து இயங்கும் கருவி: இதுக்குள்ளேயே கம்ப்யூட்டர், திரை எல்லாம் இருக்கும். பென்டிரைவைச் சொருகினா போதும். லேப்டாப்பும் வேண்டாம், போனும் வேண்டாம்.

பாக்கெட்ல இருக்கிற பாட்டை வெச்சு டிஜே பண்ணணும்ங்கிற ஆசை புதுசு இல்லை. ஆப்பிளின் ஐபாட் 2001-ல் வந்தது. நாலே வருஷத்துல, 2005-ல், நியூமார்க் நிறுவனம் ரெண்டு ஐபாடை மேலே செருகி வைக்கிற 'ஐடிஜே' மிக்ஸரைக் காட்டியது. பார்க்க அசத்தலா இருந்தாலும் பாட்டோட வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதுல வழி இல்லை. 2008-ல் ஸ்வீடனில் இருந்து 'பேஸ்மேக்கர்' என்ற கையடக்கக் கருவி வந்தது. 120 ஜிபி ஹார்ட் டிஸ்க்கோட, ரெண்டு பாட்டை உள்ளங்கையிலேயே கலக்கலாம். 2010 கடைசியில் 'டிஜே' என்ற ஆப் ஐபேடுக்கு வந்த பிறகு கதையே மாறிடுச்சு. பாட்டு, மூளை, திரை மூணும் நம்ம கையில இருக்கிற கருவிக்குள்ளேயே வந்துடுச்சு. அதனால இன்னைக்கு முதல்முறையா வாங்குற பெரும்பாலானவங்களுக்குப் பொருத்தமானது கன்ட்ரோலர்தான். மீதிக் கட்டுரையும் அதைப் பத்திதான்.

ஒரே ஒரு கேள்வி கேட்கணும்னா, இதைக் கேளுங்க

மண்டபத்துல ஒரு பாட்டு ஓடுது, கூட்டம் ஆடுது. அடுத்த பாட்டை எங்கே ஆரம்பிக்கணும், வேகம் சேருதா, வால்யூம் சரியா இருக்கான்னு டிஜே முன்கூட்டியே கேட்டாகணும். கூட்டத்துக்கு அது கேட்கக் கூடாது. அந்த ஒத்தைக் காது ஹெட்போன் ஸ்டைலுக்காக இல்லை. ஒரு காதுல மண்டபம், இன்னொரு காதுல அடுத்த பாட்டு. இதுக்குப் பேர்தான் 'க்யூ' பார்ப்பது.

இது நடக்கணும்னா பெட்டியில இருந்து ஒரே நேரத்துல ரெண்டு தனித்தனி ஸ்டீரியோ சத்தம் வெளியே வரணும். ஒண்ணு ஸ்பீக்கருக்கு, ஒண்ணு ஹெட்போனுக்கு. அதுக்கு பெட்டிக்குள்ள சவுண்ட் கார்டு இருக்கணும். போனுக்கும் சாதாரண லேப்டாப்புக்கும் இருக்கிறது ஒரே ஒரு ஸ்டீரியோ வழிதான்.

ஆகவே கடைக்காரர்கிட்ட கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "அண்ணா, இதுல சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கா? ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி அவுட் வருதா?"

உதாரணத்துக்கு ஒரே நிறுவனத்தோட ரெண்டு மாடலைப் பார்ப்போம். பயனியர் டிஜே 2019-ல் கொண்டுவந்த டிடிஜே-200 ரொம்ப லேசானது, போனோட ப்ளூடூத்தில் சேரும். ஆனா உள்ளே சவுண்ட் கார்டு கிடையாது. க்யூ கேட்கணும்னா போனோட ஹெட்போன் ஓட்டையில ஸ்பிளிட்டர் கேபிள் போட்டு, ஸ்டீரியோவின் இடது பக்கத்தை ஒண்ணுக்கும் வலது பக்கத்தை இன்னொண்ணுக்கும் பிரிக்கணும். அதாவது மண்டபத்துக்குப் போறது மோனோ சத்தம். உங்க போன்ல ஹெட்போன் ஓட்டையே இல்லைன்னா அதுக்கு வேற ஒரு அடாப்டர். அதே நிறுவனம் 2022-ல் வெளியிட்ட டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4-ல் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கு. ஸ்பீக்கருக்கு ஆர்சிஏ, முன்னாடி ஹெட்போன் ஓட்டை, மைக்குக்கும் தனி ஓட்டை. போட்டோவுல ரெண்டும் ஒரே ஜாடை. மேடையில ரெண்டும் வேற வேற.

வீட்டுல விளையாட மட்டும்தான்னா முதல் வகை தப்பே இல்லை. நாலு பேர் முன்னாடி வாசிக்கணும்னா ரெண்டாவது வகைதான்.

ப்ளூடூத்னு போட்டிருந்தா ஏமாந்துடாதீங்க

கன்ட்ரோலர்ல இருக்கிற ப்ளூடூத் பெரும்பாலும் கட்டளைகளை மட்டும்தான் கடத்தும். 'வட்டு சுத்துது, பட்டன் அமுக்கியாச்சு'ங்கிற தகவல் போனுக்குப் போகும். பாட்டோட சத்தம் போன்ல இருந்துதான் வெளியே வரும்.

ப்ளூடூத் ஸ்பீக்கரும் ப்ளூடூத் இயர்பட்ஸும் டிஜேவுக்கு ஆகாது. காரணம் கணக்குதான். நிமிஷத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டுல ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே 500 மில்லி விநாடிதான். ப்ளூடூத் ஆடியோ சர்வசாதாரணமா 200 மில்லி விநாடி தாமதிக்கும். கிட்டத்தட்ட அரைத் தட்டு. நீங்க சரியாத்தான் சேர்த்திருப்பீங்க, ஆனா காதுக்குத் தப்பாத்தான் வந்து சேரும். படம் பார்க்கும்போது இந்தத் தாமதத்தை ஆப்பே சரிகட்டிடும். கையால வாசிக்கும்போது சரிகட்ட யாரும் இல்லை.

டிஜேக்கு வயர் வெச்ச, காதை முழுசா மூடுற ஹெட்போன்தான் சரி. கன்ட்ரோலர் பட்ஜெட்லயே இதுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிடுங்க.

போன் போதுமா, லேப்டாப் வேணுமா?

பழகுறதுக்கு போன் தாராளமா போதும். ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுலேயும் 'டிஜே', 'எட்ஜிங் மிக்ஸ்', 'ரெகார்ட்பாக்ஸ்' மாதிரி ஆப்கள் இருக்கு. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் செக் பண்ணுங்க.

1. கேபிள்: 2023-ல் வந்த ஐபோன் 15-ல் இருந்து டைப்-சி. அதுக்கு முந்தைய ஐபோன்களுக்குத் தனி அடாப்டர் வேணும். ஆண்ட்ராய்டுன்னா ஓடிஜி வேலை செய்யணும்.

2. ஆப் சப்போர்ட்: நீங்க வாங்கப் போற மாடலை உங்க போன்ல இருக்கிற ஆப் ஏத்துக்குமான்னு ஆப் நிறுவனத்தோட தளத்துலயே பட்டியல் இருக்கும். 'லேப்டாப்போட வேலை செய்யும்'னு இருந்தா போனோடயும் செய்யும்னு அர்த்தம் இல்லை.

3. கரன்ட்: பல கன்ட்ரோலர்கள் யூஎஸ்பி வழியாவே கரன்ட் எடுக்கும். போனோட சொருகினா போன் பேட்டரியைக் குடிச்சிடும், இல்லைன்னா போன் கரன்ட் தரவே மறுத்துடும். கன்ட்ரோலருக்குத் தனியா சார்ஜர் ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு நல்ல பவர் பேங்க் போதும், கரன்ட் இல்லாத மொட்டை மாடியிலகூட வாசிக்கலாம்.

காசு வாங்கிக்கிட்டு நிகழ்ச்சி பண்ணப் போறீங்கன்னா லேப்டாப்தான் பாதுகாப்பு. போன்ல வாசிச்சுட்டு இருக்கும்போது மணமகளோட மாமா கால் பண்ணிட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க! வேற வழியே இல்லை, போன்தான்னா ஏரோபிளேன் மோடைப் போட்டுடுங்க.

கன்ட்ரோலரோட கூடவே வர்ற சாஃப்ட்வேரையும் கணக்குல சேருங்க. செராட்டோ டிஜே லைட் இலவசம். எஃப்எல்எக்ஸ்4-ஐ சொருகினா ரெகார்ட்பாக்ஸ்ல டிஜே பண்ற வசதி சந்தா இல்லாமலே திறக்கும். சில பெட்டி மலிவா இருக்கும், ஆனா கூட வர்ற சாஃப்ட்வேர் மாசா மாசம் சந்தா கேட்கும். ரெண்டு வருஷத்துக்குக் கூட்டிப் பாருங்க.

நம்ம ஊர் பாட்டுக்கு ஒரு தனி டெஸ்ட்

யூடியூப் ரிவ்யூ எல்லாம் பெரும்பாலும் ஹவுஸ், டெக்னோ வெச்சு எடுத்தது. அந்தப் பாட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல செஞ்சது. முதல் நொடியில இருந்து கடைசி நொடி வரைக்கும் வேகம் இம்மி பிசகாது. 'சிங்க்' பட்டனை அமுக்கினா ரெண்டு பாட்டும் தானா சேர்ந்துக்கும்.

மேடவாக்கம் ரிசப்ஷன்ல என்ன ஆகும்? எட்டு மணிக்குப் புதுப் பாட்டு போகும். எட்டரைக்கு ஒரு பெரியப்பா வந்து "தம்பி, எண்பதுகள்ல வந்த பாட்டு போடுப்பா"ம்பார். ஒன்பது மணிக்கு குத்து போட்டே ஆகணும். இங்கேதான் சிங்க் பட்டன் மூச்சு வாங்கும்.

பழைய பாட்டு: ஆர்க்கெஸ்ட்ரா மொத்தமும் உட்கார்ந்து வாசிச்சுப் பதிவான பாட்டுல வேகம் மனுஷ வேகம். பல்லவியில ஒரு மாதிரி, சரணத்துல கொஞ்சம் தூக்கலா இருக்கும். சாஃப்ட்வேர் போடுற சம இடைவெளிக் கோடு பாதியில தடம் புரளும். அப்போ கைதான் துணை. வட்டோட ஓரத்தை லேசா தள்ளிப் பாட்டை முன்னே பின்னே நகர்த்தணும். அதுக்கு வட்டு கைக்கு அடக்கமா, வழுக்காம, லேசா தொட்டாலே கேட்கிற மாதிரி இருக்கணும்.

குத்துப் பாட்டு: நம்ம குத்துல நிறைய 'ஆறு எட்டு' நடை. சாஃப்ட்வேர் நாலு தட்டுக் கணக்குலயே யோசிக்கும். 100-னு வர வேண்டிய வேகத்தை 150-னு படிச்சுடும். சில பாட்டை 75-க்குப் பதில் இரட்டிப்பா 150-னு காட்டும். பாட்டை லிஸ்ட்ல சேர்க்கும்போதே வேகத்தைக் கையால தட்டிப் பார்த்துத் திருத்தி வெச்சுக்கிற வசதி ஆப்ல இருக்கணும்.

வேக ஸ்லைடர்: 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 ரெக்கார்டு பிளேயர்ல இருந்து 'கூட்ட 8 சதவீதம், குறைக்க 8 சதவீதம்' என்பது டிஜே உலகத்துல பழகிப் போன அளவு. 120 வேகப் பாட்டை அதுல 110.4-ல் இருந்து 129.6 வரைக்கும் கொண்டுபோகலாம். ஆனா 95-ல் ஓடுற மெலடியை 125 குத்தோட சேர்க்க 30 சதவீதத்துக்கு மேல இழுக்கணும். பாடுறவர் அவசர அவசரமா ஓடுற மாதிரி ஆயிடும். இழுக்க வேண்டாம். மெலடியை எக்கோவோட முடிச்சு, ஒரு நொடி இருட்டு, அப்புறம் குத்தோட முதல் அடி. கூட்டம் கத்தும். அதுக்கு வேண்டியது எக்கோ எஃபெக்டும், பாட்டோட சரியான இடத்துல குதிக்க வைக்கிற 'ஹாட் க்யூ' பட்டன்களும்தான். ஸ்லைடர் எவ்வளவு நீளமோ அவ்வளவு நுணுக்கமா வேகத்தை மாத்தலாம், இதையும் கவனிங்க.

கடைக்குப் போகும்போது அஞ்சு பாட்டு எடுத்துட்டுப் போங்க: ஒரு எண்பதுகள் பாட்டு, ஒரு மெலடி, ஒரு குத்து, ஒரு கானா, ஒரு புது ஹிட். இந்த அஞ்சையும் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மாத்திப் பார்த்தாலே எந்தப் பெட்டி உங்களுதுன்னு கை சொல்லிடும்.

யாருக்கு எந்தப் பெட்டி?

விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால உபயோகத்தை வெச்சே பிரிச்சுக்கலாம்.

* ரூம்ல கத்துக்க மட்டும்: நியூமார்க் டிஜே2கோ2 டச் ஏறக்குறைய ஒரு அடி நீளம்தான், காலேஜ் பைக்குள்ளேயே போயிடும். சின்ன உருவமா இருந்தாலும் உள்ளே சவுண்ட் கார்டு, தனி ஹெட்போன் ஓட்டை இருக்கு. ஆனா வட்டும் ஸ்லைடரும் ரொம்பச் சின்னது, மைக் ஓட்டை கிடையாது. ஹெர்குலிஸின் இன்பல்ஸ் வரிசையில் பாட்டை எந்தப் பக்கம் நகர்த்தணும்னு லைட்டே வழிகாட்டும். காதால வேகம் சேர்க்கக் கத்துக்கிறவங்களுக்கு அது நல்ல வாத்தியார்.

* டெரஸ் பார்ட்டி, காலேஜ், சின்ன ரிசப்ஷன்: எஃப்எல்எக்ஸ்4, நியூமார்க்கின் மிக்ஸ்ட்ராக் வரிசை மாதிரி ரெண்டு சேனல் கன்ட்ரோலர். நம்மில் பெரும்பாலானவங்க பணம் போட வேண்டிய இடம் இதுதான். ஒரு விஷயம் மட்டும்: எஃப்எல்எக்ஸ்4-ன் எடை 2.1 கிலோதான், ஆனா அகலம் 48 சென்டிமீட்டர். சாதாரண லேப்டாப் பைக்குள்ள நுழையாது. பைக்ல போறவங்க இதுக்குன்னு ஒரு பையும் சேர்த்து வாங்கணும்.

* வாரா வாரம் நிகழ்ச்சி: டெனான் டிஜே 2020-ல் வெளியிட்ட பிரைம் கோ சுமார் 4 மணி நேரம் பேட்டரியில் ஓடும். ஆல்ஃபாதீட்டா 2024-ல் கொண்டுவந்த ஆம்னிஸ்-டுவோ 5 மணி நேரம் வரை. ரெண்டுக்கும் லேப்டாப் வேண்டாம். ஆனா விலை வேற உலகம். சம்பாதிக்க ஆரம்பிச்ச பிறகு யோசிக்கலாம், இப்போ கடன் வாங்கி வாங்காதீங்க.

நாலு சேனல் வேணுமா? ஒரே நேரத்துல மூணு, நாலு பாட்டைக் கலக்கிறவங்களுக்குத்தான் அது. முதல் பெட்டிக்கு ரெண்டே போதும்.

மண்டபத்துக்குள்ள நுழைஞ்சா...

வீட்டுல அழகா வாசிச்ச பலர் மண்டபத்துல திணறுறது கேபிள்னாலதான். அங்கே சவுண்ட் சர்வீஸ் அண்ணன் தன்னோட மிக்ஸரை ஏற்கெனவே மேடைக்கு ஓரமா வெச்சிருப்பார். உங்க பெட்டியில இருந்து வர்றது சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ. அவர் மிக்ஸர்ல இருக்கிறது பெரும்பாலும் 6.3 மில்லிமீட்டர் பெரிய பின். நடுவுல பாலம் போடுற கேபிளை நீங்கதான் கொண்டுபோகணும்.

பையில எப்பவும் இருக்க வேண்டியது: ஆர்சிஏ - பெரிய பின் கேபிள் ஒண்ணு, ஆர்சிஏ - இயர்போன் பின் கேபிள் ஒண்ணு, உபரி யூஎஸ்பி கேபிள் ஒண்ணு, ஜங்ஷன் பாக்ஸ் ஒண்ணு, பாட்டு மொத்தமும் காப்பி பண்ணின பென்டிரைவ் ஒண்ணு.

அவர்கிட்ட "லைன் இன்புட் கொடுங்கண்ணா"னு கேளுங்க. மைக் இன்புட்ல சொருகினா சத்தம் பிளந்துகிட்டு வரும். ஆர்சிஏ கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு இரைச்சல் பிடிக்கும். உங்க மேஜையை அவர் மிக்ஸருக்குப் பக்கத்துலயே போடச் சொல்லுங்க. லேப்டாப் சார்ஜரைச் சொருகினதும் 'கும்ம்ம்'னு சத்தம் வந்தா அது எர்த் பிரச்னை. சார்ஜரைக் கழற்றிப் பாருங்க. நின்னுடுச்சுன்னா லேப்டாப்பும் மிக்ஸரும் ஒரே இடத்துல இருந்து கரன்ட் எடுக்கிற மாதிரி மாத்துங்க.

மைக்கை மறந்துடாதீங்க. நம்ம ஊர் ரிசப்ஷன்ல டிஜேயே அறிவிப்பாளரும்கூட. 'மணமக்கள் மேடைக்கு வரவும்', 'வெள்ளை நிற கார் ஓனர் வண்டியைக் கொஞ்சம் நகர்த்தவும்' எல்லாம் உங்க வாய்லதான். கன்ட்ரோலர்ல மைக் ஓட்டை இருந்தா வசதி. இல்லைன்னா சவுண்ட் சர்வீஸ் மிக்ஸர்ல ஒரு மைக் கேட்டு வாங்கிக்கோங்க.

இன்னொண்ணு, மீட்டர்ல சிவப்பு எரிய விடாதீங்க. சிவப்புக்குப் போனா சத்தம் கூடாது, கிழியும்தான். இன்னும் சத்தம் வேணும்னா அவர் மிக்ஸர்ல ஏத்தச் சொல்லுங்க.

பாட்டு எங்கேயிருந்து?

வாட்ஸ்அப்ல வந்த பாட்டு இயர்போன்ல ஓகேவா கேட்கும். பெரிய ஸ்பீக்கர்ல தகர டப்பா. குறைஞ்சது 320 கேபிபிஎஸ் எம்பி3 வெச்சுக்கோங்க. நாலு நிமிஷப் பாட்டு ஒண்ணு சுமார் 9.6 எம்பி. ஆயிரம் பாட்டுகூட 10 ஜிபிக்குள்ள அடங்கிடும்.

ஸ்ட்ரீமிங்கை மட்டும் நம்பி மேடை ஏறாதீங்க. 2020 ஜூலையில் ஸ்பாட்டிஃபை மூன்றாம் தரப்பு டிஜே ஆப்களில் இருந்து மொத்தமா விலகியது. அதை நம்பி லிஸ்ட் போட்டு வெச்சிருந்தவங்க ஒரே நாள்ல வெறும் கையோட நின்னாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு, 2025-ல்தான் பிரீமியம் சந்தாதாரர்களுக்காகத் திரும்பி வந்தது. வாடகைப் பாட்டு வீட்டுக்காரர் மனசைப் பொறுத்தது. அதோட, ஆயிரம் பேர் கூடின மண்டபத்துல நெட்வொர்க் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

சட்டத்தையும் ஒரு வரி தெரிஞ்சுக்கோங்க. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za)-வது பிரிவை எழுத்துக்கூட்டிச் சொன்னா 'இசட்-ஏ' உட்பிரிவு. கல்யாணம், கல்யாண ஊர்வலம், அதைச் சார்ந்த கொண்டாட்டங்களில் பாட்டு போடுவதை இது மீறலாகக் கருதுவதில்லை. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறையும் இதைப் பொது அறிவிப்பில் தெளிவுபடுத்தியது. ஆனா பப், கார்ப்பரேட் விழா, டிக்கெட் போட்ட நியூ இயர் பார்ட்டி எல்லாம் வேற. அங்கே ஐபிஆர்எஸ், பிபிஎல் போன்ற அமைப்புகளின் உரிமம் வேணும். அதை யார் எடுக்கணும்னு அட்வான்ஸ் வாங்கும்போதே பேசி முடிச்சுடுங்க. கல்யாணத்துக்கு விலக்கு இருக்குங்கிறதால திருட்டு டவுன்லோடு சரின்னு ஆயிடாது.

பத்து மணி அடிச்சா...

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்குள்ள, உள்ளே இருக்கிறவங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரின்னா விலக்கு இருக்கு. மொட்டை மாடிக்கு அந்த விலக்கு கிடையாது. குடியிருப்புப் பகுதிக்கு விதிச்ச அளவு பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட் சுவருக்கும் அடுத்த அப்பார்ட்மென்ட் ஜன்னலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கும்னு சொல்லவே வேண்டாம். அந்த ஜன்னலுக்குப் பின்னாடி நாளைக்குப் பரீட்சை எழுதப் போற பிள்ளை இருக்கலாம், நைட் ஷிப்ட் முடிச்ச நர்ஸ் இருக்கலாம். 9.45-க்கே கடைசிப் பாட்டுன்னு சொல்லிடுங்க. நல்ல டிஜேக்கு ஆரம்பிக்கிறதைவிட முடிக்கத் தெரியணும்.

உங்க காதும் முக்கியம். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் சொல்ற கணக்கு: 85 டெசிபல்ல 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபல்ல வெறும் 15 நிமிஷம்தான். ஸ்பீக்கருக்கு முன்னாடி நாலு மணி நேரம் நிற்கிற டிஜே என்ன ஆவார்? காதுல போற செவி முடி செல்கள் செத்தா திரும்ப முளைக்காது. ஐபோன் வெச்சிருக்கிறவங்க நியாஷின் இலவச ஒலி அளவு ஆப்பைப் போட்டுப் பாருங்க. இயர்பிளக் ஒரு ஜோடி பையிலயே இருக்கட்டும்.

வாங்குற இடத்துல...

கேபிள், கன்வெர்ட்டர் பின், ஸ்பீக்கர் சாமானுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டை மிஞ்ச இடம் இல்லை. வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறினா சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி நடந்தே போயிடலாம். கன்ட்ரோலரை மட்டும் முறையான பில்லோட, இந்திய வாரண்டி இருக்கிற விற்பனையாளர்கிட்ட வாங்குங்க. பில் இல்லாம ரெண்டாயிரம் குறையுதுன்னு வாங்கினா, ஒரு ஃபேடர் போனதும் அந்த ரெண்டாயிரத்துக்கு மேல போகும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குறதும் நல்ல வழிதான். ஆனா நேர்ல போய் இதை எல்லாம் பாருங்க:

* கிராஸ்ஃபேடரை ஒரு ஓரத்துக்குத் தள்ளினா மறுபக்கப் பாட்டு சுத்தமா நிக்குதா? லேசா கசிஞ்சா ஃபேடர் தேய்ஞ்சிருக்கு.
* ஒவ்வொரு குமிழையும் திருப்பும்போது 'கரகர' சத்தம் வருதா?
* யூஎஸ்பி கேபிளை லேசா ஆட்டினா இணைப்பு அறுந்து போகுதா?
* ஹெட்போன் ரெண்டு பக்கமும் கேட்குதா?
* வட்டைத் தொடாமலே பாட்டு நகருதா?
* உங்க லேப்டாப்போட இயங்குதளத்துக்கு அந்த மாடலோட டிரைவர் இன்னும் கிடைக்குதா? பழைய மாடல்ல பலர் மாட்டிக்கிறது இங்கேதான்.

வாங்கின பிறகு நம்ம ஊர் வெக்கையும் புழுக்கமும்தான் எதிரி. வெயில்ல நிறுத்தின காருக்குள்ள விட்டுட்டுப் போகாதீங்க. வாசிச்சு முடிச்சதும் மூடி போடுங்க, பைக்குள்ள ரெண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க. ஃபேடர் ஆயுசு இரட்டிப்பாகலைன்னாலும், ஈரமும் தூசியும் சேராம இருக்கும்.

கடைசியா, ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்க...

1. சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கா? ஹெட்போனுக்குத் தனி வழி இருக்கா?
2. என்னோட போன், என்னோட ஆப், என்னோட லேப்டாப் மூணும் இதை ஏத்துக்குமா?
3. கரன்ட் எங்கேயிருந்து எடுக்குது?
4. மைக் ஓட்டை இருக்கா?
5. என்னோட அஞ்சு பாட்டை இதுல வாசிச்சுப் பார்த்தேனா?
6. ஹெட்போன், கேபிள், பை மூணையும் சேர்த்தும் பட்ஜெட்டுக்குள்ள வருதா?

ஆறுக்கும் 'ஆமா'ன்னு பதில் வந்தா தைரியமா வாங்குங்க. லைட் எத்தனை கலர்ல எரியுதுங்கிறது இந்த லிஸ்ட்ல இல்லைங்கிறதைக் கவனிச்சிருப்பீங்க. கூட்டத்துல யாரும் பெட்டியைப் பார்த்து ஆடுறது இல்லை. அடுத்து என்ன பாட்டு வருதுங்கிறதுக்குத்தான் ஆடுறாங்க. அந்த அடுத்த பாட்டை அவங்களுக்கு முன்னாடி உங்க காதுல கேட்க வைக்கிற பெட்டி எதுவோ, அதுதான் உங்களுக்கான பெட்டி.